கேஸ் அடித்தால் ஹீட்டர் சுடுமா?

டிசம்பர் மாத விடியற்காலையில் ஏற்காட்டின் குளிர் 12, 13 டிகிரி வரை இறங்கும். சேலத்திலிருந்து வந்த காரில் வருஷம் முழுக்க யாரும் தொடாத சிவப்புப் பக்கத்துக்குக் குமிழ் அன்றைக்குத்தான் திரும்பும். வருவதோ ஜில்லென்ற காற்று. ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதி டீக்கடையில் நிற்கும் யாராவது உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "ஏசி கேஸ் போயிருக்கும், அடிச்சா சரியாயிடும்."

ஆகாது. பெட்ரோல், டீசல் காரின் ஹீட்டருக்கும் ஏசி கேஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்ஜினைச் சுற்றிச் சூடேறி வரும் கூலன்ட்டில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. ஹீட்டர் கோர் என்பது அதுதான். ப்ளோயர் காற்று அதற்குள் புகுந்து வந்தால் சூடு, புகாமல் வந்தால் குளிர். எப்படியும் இன்ஜின் வெளியே கொட்டப்போகிற வெப்பம் என்பதால், ஹீட்டர் போட்டால் மைலேஜ் அடிவாங்கும் என்ற பேச்சிலும் சாரமில்லை.

பின்னே ஏன் குளிர்கிறது? கீழே வெயிலில் ஓடும் பழைய வண்டியென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தெர்மோஸ்டாட் வால்வை. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு? கழட்டிப் போட்டா வண்டி கூலா ஓடும்" என்பது பல பட்டறைகளில் இன்னும் செல்லுபடியாகும் வைத்தியம். இந்த வால்வு சுமார் 82 முதல் 90 டிகிரிக்குள்தான் திறக்கும். அதுவரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றவைக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருக்கும். சேலத்து மே மாதத்தில் இது தெரியாது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் இறங்கும்போது இன்ஜின் வெப்பம் காட்டும் முள் அடியிலேயே படுத்துக்கிடக்கும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜைத் தின்பது ஹீட்டரல்ல, பட்டறை மூலையில் கிடக்கும் அந்த வால்வுதான். வால்வு இருந்தும் திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். புதிதாக மாற்றுவது பெரிய செலவில்லை.

முள் சரியான இடத்தில் நின்றும் காற்று குளிர்ந்தால், டாஷ்போர்டைப் பிரிக்கச் சொல்கிறவரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் கால் மணி நேரம் வண்டியை ஓட்டி, இன்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்து, கேபினுக்குள் நுழையும் அந்த இரண்டு ஹோஸையும் துணி வைத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சுட்டால் கோர் நன்றாக இருக்கிறது. காற்றைத் திருப்பிவிடும் மடல் சிக்கியிருக்கிறது. கேபிள் வைத்த பழைய வண்டிகளில் கிளிப்பிலிருந்து கேபிள் நழுவியிருக்கும், மாட்டிவிட்டால் முடிந்தது. மோட்டார் வைத்தவற்றில் டாஷ்போர்டுக்குள் டக் டக் என்று சத்தம் கேட்கும். ஒன்று சுட்டு மற்றது ஆறிக்கிடந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டர் வால்வு மூடியிருக்கிறது.

அடைப்புக்கு முக்கியக் காரணம் இன்னொரு நம்பிக்கை: "கூலன்ட் பனி உறையும் ஊருக்கு, நமக்குப் பச்சைத் தண்ணி போதும்." கூலன்ட் உறையாமல் காப்பது மட்டுமில்லை; துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் ஏற்றுகிறது. போர் தண்ணீரின் உப்பு, கோரின் மெல்லிய குழாய்களில்தான் முதலில் படியும். ஹோஸைக் கழற்றி, குறைந்த அழுத்தத்தில் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டால் பழுப்பாகச் சேறு வரும். தெளிந்து வரும்வரை விட வேண்டும். முன் சீட்டின் கால்மிதி ஈரமாகி, தித்திப்பான வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் இருந்தால் கோரே ஓட்டை. கழுவிப் பயனில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வேறொன்று. மலை ஏறும்போது முள் மேலே போகிறது, ஹீட்டரிலோ குளிர்காற்று. கூலன்ட் குறைந்து கோரில் காற்று அடைத்துக்கொண்டதன் அறிகுறி அது. வண்டியை ஓரங்கட்டியே ஆக வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பிடித்துவைத்திருக்கும் அழுத்தம் போனால் அத்தனையும் முகத்தில் பீறிடும். கூலன்ட் நிறைய இருந்து முள் மட்டும் ஏறினாலோ, ஹீட்டரை முழுவதும் திறப்பது உண்மையிலேயே உதவும். இன்னொரு ரேடியேட்டர் கிடைத்த மாதிரி. வியர்க்கும், அவ்வளவுதான்.

மஞ்சு இறங்கும் நாளில் ஏசியைத் தொடக்கூடாது என்பாரும் உண்டு. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிவதற்குக் காரணம் காரில் இருப்பவர்களின் மூச்சிலுள்ள ஈரம். ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் காற்றைச் சூடாக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் சீக்கிரம் தெளியும்.

இனி வருவது மின்சாரக் கார்களின் காலம். அங்கே வீணாகும் இன்ஜின் சூடு கிடையாது. ஹீட்டர் நேராக பேட்டரியிலிருந்தே எடுக்கும். ஆகவே ஹீட்டர் போட்டால் ஓடும் தூரம் குறையும் என்று அந்த வண்டிக்காரர் சொன்னால், அவர் சொல்வது சரி. ஹீட் பம்ப் உள்ள மாடல்களில் அந்த இழப்பு குறைவு. இறங்கும்போது பிரேக்கிங்கில் கொஞ்சம் சார்ஜ் திரும்பவும் ஏறிவிடும்.