கீமோ வேலை செய்கிறதா? ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

கீமோ தொடங்கிச் சில வாரங்களில் மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அதில் கட்டியின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. எந்த ஸ்கேனோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

படி 1: முதல் ஸ்கேனைப் பத்திரப்படுத்துங்கள்

சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன்தான் அடிப்படை. ரிப்போர்ட்டோடு, படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள்.

படி 2: எதை அளக்கிறார்கள்?

திடக்கட்டிகளுக்கு 2009-இல் திருத்தப்பட்ட 'ரெசிஸ்ட் 1.1' விதிமுறை பரவலாகப் பயன்படுகிறது. அதிகபட்சம் 5 கட்டிகள், ஓர் உறுப்பில் 2 வரை தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொன்றின் நீளமான விட்டத்தையும், நிணநீர் முடிச்சு என்றால் குறுகிய விட்டத்தையும் அளந்து கூட்டுவார்கள்.

படி 3: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

- பகுதிப் பலன்: முதல் ஸ்கேனைவிடக் கூட்டுத்தொகை 30% அல்லது அதற்கு மேல் குறைவு.
- நோய் முன்னேற்றம்: இதுவரை கண்ட மிகக் குறைந்த தொகையைவிட 20% அல்லது அதற்கு மேல் உயர்வு, அதுவும் குறைந்தபட்சம் 5 மி.மீ. புதுக்கட்டி தோன்றினாலும் இதே முடிவுதான்.
- நிலையான நோய்: இரண்டுக்கும் இடைப்பட்டது.

முதலில் 100 மி.மீ., பிறகு 65, அடுத்து 80 என்று வைத்துக்கொள்வோம். 100-லிருந்து 80 ஆனது நல்ல சேதிபோலத் தெரியும். ஆனால் 65-லிருந்து 15 மி.மீ., அதாவது 23% கூடியிருக்கிறது. இது முன்னேற்றம்; நோய்க்கு, நோயாளிக்கு அல்ல.

படி 4: பெட் ஸ்கேன் சொல்வது வேறு

சிடி ஸ்கேன் கட்டியின் அளவைக் காட்டும். பெட், கட்டி எவ்வளவு குளுக்கோஸை இழுக்கிறது என்பதைக் காட்டும். நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவில் சிகிச்சைக்குப் பிறகும் தழும்புபோலக் கட்டி எஞ்சலாம். அதில் உயிருள்ள புற்றுநோய்ச் செல் இருக்கிறதா என்பதை 1 முதல் 5 வரையிலான 'டோவில்' மதிப்பெண் கணிக்கிறது. 1, 2 நல்லவை. 3-உம் பெரும்பாலும் அப்படியே. ஸ்கேனுக்கு முன் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும்; சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 5: இம்யூனோதெரபியில் அவசரம் வேண்டாம்

உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் இந்தச் சிகிச்சையில், நோயெதிர்ப்பு செல்கள் கட்டிக்குள் புகுவதால் சிலருக்குக் கட்டி முதலில் பெருத்துப் பின் சுருங்கும். அதனால் நோயாளியின் நிலை சீராக இருந்தால், 4 முதல் 8 வாரங்களில் மறு ஸ்கேன் எடுத்து உறுதிசெய்ய 2017-இல் வந்த 'ஐரெசிஸ்ட்' விதிமுறை வழிகாட்டுகிறது.

படி 6: மருத்துவரிடம் கேளுங்கள்

"எந்தத் தேதி ஸ்கேனோடு ஒப்பிட்டீர்கள்? புதுக்கட்டி ஏதும் உண்டா? மருந்தைத் தொடர்வோமா, மாற்றுவோமா?" ஸ்கேனோடு உடல்நிலையையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தே அவர் முடிவெடுப்பார்.