மலையேறும் வண்டிக்கு வலிமை எங்கிருந்து வருகிறது?

சித்தூரைச் சுற்றியுள்ள மேட்டுநிலத் தோட்டங்களில் கிளிமூக்கு மாம்பழம் பழுக்கும் காலத்தில், அதனைக் கூழ் ஆலைகளுக்கு ஏற்றிச் செல்வது என் மாமாவின் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறைக்காரர் அவருடைய பழைய பிக்கப்பின் பம்பில் டீசல் அளவைக் கூட்டிவிட்டார். வண்டி சில நாள் துள்ளி ஓடியது. பிறகு கரும்புகை கக்கியது. ஒரு மேட்டில் ஹெட் காஸ்கெட் போய் நின்றது. ஏற்றியிருந்த பழம் வெயிலில் வீணாயிற்று. சென்ற ஆண்டு அவர் என்னைக் கேட்டார்: “மாப்பிள்ளை, நீ பௌதிகம் படிக்கிறாயே, இதற்கு ஒரு சூப்பர்சார்ஜர் வைத்துப் பார்க்கலாமா? இல்லை, கடன் வாங்கிப் புது வண்டிதான் எடுக்க வேண்டுமா?” இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியாகும்.

முதலில் தேவை எவ்வளவு என்று கணக்கிடுவோம். திருப்பதி கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 160 மீட்டர். திருமலை சுமார் 850 மீட்டர். சுமையுடன் 3,000 கிலோ எடையுள்ள வண்டியை 690 மீட்டர் உயர்த்தச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 2 கோடி ஜூல். அரை மணியில் ஏறினால் 15 குதிரைத்திறன் போதும். சக்கர உராய்வுக்கு 6 சேர்த்தாலும் 21தான். மாமாவின் வண்டிக்கோ 60க்கு மேல் உண்டு! ஆகவே நல்ல சாலையில் ஏறுவதற்குக் குதிரைத்திறன் பற்றாக்குறை இல்லை.

தோட்டத்துச் செம்மண் பாதையின் நிலை வேறு. அங்கே ஐந்துக்கு ஒன்று சரிவில், புதைமண்ணில், நின்ற இடத்திலிருந்து புறப்பட வேண்டும். இதற்கு வேண்டுவது குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் முறுக்குவிசை. சூப்பர்சார்ஜரின் சிறப்பு இங்கேதான். அது யந்திரத்தின் பெல்ட்டினால் சுழல்வதால் தொடக்கத்திலிருந்தே காற்றைத் திணிக்கும். டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தால் சுழல்வது; ஆதலின் சற்றுத் தாமதிக்கும். ஆனால் சூப்பர்சார்ஜர் யந்திரத்தின் ஆற்றலிலேயே ஒரு பங்கை உண்கிறது என்பதையும் மறத்தலாகாது.

காற்றைத் திணித்தால் வலிமை கூடுவது ஏன்? எரிபொருள் எரிய உயிர்க்காற்று வேண்டும். காற்று மிகுந்தால் கூடுதல் டீசலும் முழுமையாக எரியும். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் எரியாத கரி புகையாகும், வெப்பம் மிகும். மாமாவின் வண்டிக்கு நேர்ந்தது இதுவே.

எனினும், அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கினால் காற்றும் ஒன்றரை மடங்காகும் என்று எண்ணுவது பிழை. நானும் முதலில் அப்படித்தான் எண்ணி, “வைக்கலாம் மாமா” என்று சொல்லிவிட்டேன். அழுத்தப்பட்ட காற்று சூடாகும். 40 பாகை வெயிலில், 65 விழுக்காடு திறனுள்ள கருவியிலிருந்து காற்று ஏறத்தாழ 99 பாகையில் வெளிவரும். அதன் அடர்த்தி 26 விழுக்காடே கூடியிருக்கும். இன்டர்கூலரால் 60 பாகைக்குக் குளிர்வித்தால் 41 விழுக்காடு கிட்டும். ஆகவே ஒரு கருவி மற்றொன்றை வேண்டுகிறது. அது ரேடியேட்டரையும், கிளட்சையும், கியர்ப்பெட்டியையும் பெரிதாக வேண்டுகிறது.

ஆலை இதனை எவ்வாறு செய்கிறது? அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் 5 லிட்டர் பெட்ரோல் யந்திரம் 400 குதிரைத்திறன் தருவது. அமுக்க விகிதம் 12. ரௌஷ் போன்ற நிறுவனங்கள் அதன்மேல் சூப்பர்சார்ஜர் பொருத்தி 700 வரை கொணர்கின்றன. 2021ஆம் ஆண்டு மாடலாக வந்த ராம் டிஆர்எக்ஸ், ஆலையிலேயே சூப்பர்சார்ஜருடன் 702 குதிரைத்திறன் கொண்டிருந்தது. அதன் அமுக்க விகிதம் 9.5 மட்டுமே. திணித்த காற்று முன்கூட்டி வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்காதிருக்க, ஆலை முதலிலேயே விகிதத்தைக் குறைத்து வடிவமைத்தது. திறன் ஏறத்தாழ ஒன்றே. தாங்கும் எல்லை வேறு.

நம் பக்கத்திலேயே சான்று உண்டு. ஸ்ரீசிட்டியில் 2016இல் இசுசு ஆலை திறக்கப்பட்டது. அன்று அது சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். இசுசுவின் சரக்கு வண்டியான டி-மேக்ஸின் 2.5 லிட்டர் டீசல் யந்திரம் 78 குதிரைத்திறன் உடையது. கரடுமுரடான பாதைக்கென வந்த வி-கிராஸிலும் அதே 2.5 லிட்டர்தான், ஆனால் 134 குதிரைத்திறன், 320 நியூட்டன்-மீட்டர். கன அளவு ஒன்றாயினும் அது வேறு யந்திரம். 2021இல் வந்த வி-கிராஸில் 1.9 லிட்டரிலேயே ஏறத்தாழ 161 குதிரைத்திறனும் 360 நியூட்டன்-மீட்டரும் கிடைத்தன. பழைய யந்திரத்தின் தலையில் ஒரு கருவியை ஏற்றிப் பெற்ற பலன் அன்று இது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தப்படி, முறைகேடான ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கணக்குத் தாளுடன் மாமாவிடம் மீண்டும் சென்று, முன் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவர் சூப்பர்சார்ஜரும் வைக்கவில்லை, கடனும் வாங்கவில்லை. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கிளட்ச் தட்டை மாற்றி, டீசல் அளவைப் பழைய நிலைக்குக் கொணர்ந்தார். மேட்டுத் தோட்டங்களுக்குச் சுமையைக் குறைத்து இரண்டு நடை போகிறார். இந்தப் பருவத்தில் வண்டி ஒருமுறையும் வழியில் நிற்கவில்லை.

யந்திரத்தின் வலிமை, அதன் மிக மெலிந்த உறுப்பு தாங்கும் அளவே. ஆலைக்காரர் அந்த உறுப்பை முதலில் தேடுகிறார். அவசரக்காரர் அது உடைந்த பிறகே காண்கிறார்.