குறைந்த கதிர்ப்பளவுச் சி.ரி. ஸ்கேனில் பட இரைச்சலைக் குறைத்தல்

1. அறிமுகம்

சி.ரி. ஸ்கேனில் எக்ஸ்-கதிர்க் குழாய் நோயாளியைச் சுற்றிச் சுழலும். உடலை ஊடுருவி வரும் கதிர்களை மறுபுறத்திலுள்ள உணரிகள் அளக்கும். அவ்வளவீடுகளைக் கொண்டு கணினி உடலின் குறுக்குவெட்டுப் படத்தை அமைக்கிறது. இக்கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்ட் 1971 இல் இலண்டனில் முதலாவது நோயாளியைப் படமெடுத்தார். 1979 இல் கோமக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எக்ஸ்-கதிர் அயனாக்கும் கதிர்ப்பாகும். அது கலங்களின் டீ.என்.ஏ.யைச் சேதப்படுத்தக்கூடும். எனவே கதிர்ப்பளவை இயன்றவரை குறைத்தல் வேண்டும். வழமையான நெஞ்சுச் சி.ரி. ஸ்கேனின் கதிர்ப்பளவு ஏறத்தாழ 7 மில்லிசீவேட். குறைந்த கதிர்ப்பளவு முறையில் ஏறத்தாழ 1.5 மில்லிசீவேட். ஆனால் கதிர்ப்புக் குறையும்போது படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். இதுவே பட இரைச்சல். இங்கு இரைச்சல் என்பது ஒலியன்று.

2. இரைச்சல் தோன்றுவது ஏன்?

வட்டவளை தென்மேற்குப் பருவக்காற்றினால் மிகுந்த மழை பெறும் இடமாகும். அங்கு மழை தூறத் தொடங்கும்போது முற்றத்தில் இரண்டு சம அளவான பேணிகளை வைத்ததாகக் கொள்வோம். முதற் சில செக்கன்களில் ஒன்றில் 3 துளிகளும் மற்றையதில் 7 துளிகளும் விழலாம். மழை நெடுநேரம் பெய்தபின் இரண்டிலும் நீர்மட்டம் ஏறத்தாழச் சமனாகும். உணரியை அடையும் எக்ஸ்-கதிர்ப் போட்டன்களும் இவ்வாறே எழுமாறாக வந்து சேர்கின்றன.

எதிர்பார்க்கும் ஏற்றத்தாழ்வு = போட்டன் எண்ணிக்கையின் வர்க்கமூலம்

• 10 000 போட்டன்கள்: ஏற்றத்தாழ்வு 100, அதாவது 1%
• 100 போட்டன்கள்: ஏற்றத்தாழ்வு 10, அதாவது 10%

ஆகவே கதிர்ப்பளவை நான்கிலொன்றாக்கினால் சார்பு இரைச்சல் இரு மடங்காகும்.

3. குறைக்கும் முறைகள்

அருகருகேயுள்ள ஐந்து பிக்சல்களின் பெறுமானங்கள்: 40, 42, 70, 38, 41

(அ) இடை காணல்: 231 ÷ 5 = 46.2. இரைச்சல் பரவிக் குறையும். ஆனால் விளிம்புகள் மங்கும்.

(ஆ) இடையம் காணல்: 38, 40, 41, 42, 70 என ஒழுங்குபடுத்தினால் இடையம் 41. தனித்து நின்ற 70 நீங்கிவிடும்.

(இ) மீள்செய்கை முறை: அமைத்த படத்திலிருந்து உணரி அளவீடுகள் எவ்வாறு இருக்கவேண்டும் எனக் கணினி கணித்து, உண்மை அளவீடுகளுடன் ஒப்பிட்டுப் படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தும். குறைந்த போட்டன்களைக் கொண்ட அளவீட்டுக்குக் குறைந்த நம்பிக்கையே அளிக்கப்படும்.

கவனிக்க: நீக்கப்பட்ட 70 இரைச்சலாக அன்றி, ஒரு சிறு கட்டியாகவும் இருந்திருக்கலாம். 2011 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கடுமையாகப் புகைபிடித்த 53 000 இற்கும் மேற்பட்டோர் பங்குபற்றினர். குறைந்த கதிர்ப்பளவுச் சி.ரி. ஸ்கேன் செய்யப்பட்டோரில் சுவாசப்பைப் புற்றுநோய் மரணங்கள், நெஞ்சு எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டோரிலும் 20% குறைவாக இருந்தன. சில மில்லிமீற்றர் அளவான கட்டிகளைத் தேடும் இத்தகைய பரிசோதனையில், படம் அழகாவதற்காகக் கட்டி மறைந்துவிடக் கூடாது.

4. மாதிரி வினா

இரைச்சலையும் சிறு கட்டியையும் வேறுபடுத்த உதவும் ஒரு வழியைக் குறிப்பிடுக.

விடை: அடுத்தடுத்த குறுக்குவெட்டுப் படங்களை ஒப்பிடல். கட்டி அவற்றில் அதே இடத்தில் தொடர்ந்து தோன்றும். இரைச்சல் எழுமாறானது என்பதால் பொதுவாக அவ்வாறு தோன்றாது.