பிள்ளைகளோடு அம்மாயியையும் கூட்டிக்கொண்டு போ

லீவுக்குக் கொழும்பிலிருந்து மேலே வரும் தங்கச்சிமார் எல்லாரும் பிள்ளைகளை முதலில் கிரகரி வாவிக்குத்தான் கூட்டிப் போகிறார்கள். படகு, குதிரை, ஸ்ட்ரோபெரி, பிறகு ஹக்கல பூந்தோட்டம். போகட்டும், பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும். ஹக்கலையில் நிற்கும்போது அந்த இடம் 1861இல் பூவுக்காகத் தொடங்கப்பட்டதல்ல, காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கப்பட்டது என்று மட்டும் சொல்லிவை. நுவரெலியா டவுனில் 1894இல் கட்டிய சிவப்புத் தபால் கந்தோருக்கு முன்னால் போட்டோ எடுப்பதோடு விடாமல், பிள்ளைகள் கையாலேயே ஒரு கடிதம் எழுதிப் போடச் சொல். இன்னும் வேலை நடக்கும் கந்தோர் அது.

மிச்ச நாளில் இரண்டை எனக்குத் தா, தங்கச்சி. ஒன்று கண்டி ஹந்தானைக்கு, இன்னொன்று கம்பளைக்கு. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதே. பிள்ளைகள் களைத்துப்போவார்கள், எது முக்கியமோ அது அவர்கள் மனதில் நிற்காது.

ஹந்தானையில் இருப்பது தேயிலை அருங்காட்சியகம். 1925இல் கட்டிய பழைய தேயிலை ஸ்டோரைத் திருத்தி 2001இல் திறந்தார்கள். கீழ்த்தட்டில் கொழுந்து அரைக்கும் பழைய ரோலர்களும் என்ஜின்களும் இருக்கின்றன. இயந்திரம் பிடித்த மகன் இருந்தால் அங்கேயே அரை நேரம் போய்விடும். மேலே ஜேம்ஸ் டெயிலரின் பொருட்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர் அவர். அந்த அறையில் பிள்ளைகளை ஒரு நிமிஷம் நிறுத்து. முதல் முதல் தேயிலையை டெயிலரின் பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கையாலேதான் உருட்டினார்கள், கரி அடுப்பில்தான் வாட்டினார்கள். அந்தக் கைகள் யாருடையவை என்று பிள்ளைகளைக் கேள். பதிலை நீயே சொல்லிவிடாதே. ஆகஸ்டில் வருவதென்றால் பெரஹரா நாட்களைத் தவிர்த்துவிடு. கண்டிக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இனி கம்பளை. ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இங்கேதான் போ என்பேன். பழைய பீக்கொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்டியின் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் ஆரம்பித்தது. பெரிய கட்டடம் ஒன்றையும் தேடாதே. பழைய லயம்தான் அது. நம் சனம் பிறந்து, சமைத்து, செத்த அதே காம்பராக்களில் நம் பொருட்களை வைத்திருக்கிறார்கள்: வீட்டுச் சாமான், தோட்டத்து ஆயுதம், பழைய தாள்கள். இதே கம்பளைப் பக்கம்தான் 1820களில் ஜோர்ஜ் பேர்டின் கோப்பித் தோட்டத்துக்கு முதல் ஆட்கள் வந்தார்கள் என்பதை வழியிலேயே சொல்லிக்கொண்டு போ.

இங்கே போகும்போது வீட்டில் இருக்கும் அம்மாயியையோ அப்பாயியையோ கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. அட்டை வாசித்துக் காட்டும் வழிகாட்டியைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். கவ்வாத்துக் கத்தியைப் பார்த்தால் எந்தக் கையில் காயம் வந்தது என்று சொல்வார்கள். ஒரே காம்பராவில் எத்தனை பேர் படுத்தோம், இஸ்தோப்பில் யார் படுத்தார்கள், மழை நாளில் விறகு எங்கே காயவைத்தோம் என்றெல்லாம் அவர்கள் பேச ஆரம்பித்தால் நீ குறுக்கே போகாதே. பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவை. பெரியவர்கள் அழுதாலும் அவசரப்படுத்தி வெளியே கொண்டுவராதே, பக்கத்தில் உட்கார்.

துண்டு முறையை மட்டும் நீ விளக்க வேண்டியிருக்கும். தொழிலாளி தோட்டத்துக்கு எவ்வளவு கடன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவார்கள். அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். கடன் ஆளோடு சேர்ந்து கைமாறியது. 1921இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். 1948இல் நம் சனத்தின் குடியுரிமை போனதையும் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் குடும்பங்கள் பிரிந்ததையும் அதற்குப் பிறகு சொன்னால், இந்தியாவுக்குப் போன சின்னத்தாத்தா ஏன் திரும்பி வரவே இல்லை என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

வழியைப் பற்றி: ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாக பஸ் இருக்கிறது, நுவரெலியாவிலிருந்து என்றால் றம்பொடை, புசல்லாவை வழி. கோச்சியில் போக ஆசைப்பட்டால் ஓடுகிறதா என்று முதல்நாளே விசாரித்துக்கொள், மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் நின்றுவிடும். அருங்காட்சியகத்துக்கு முதலில் போன் பண்ணி, திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொள். கடைசித் துண்டு தோட்டத்துப் பாதை என்பதால் வயசானவர்களுக்கு வேன் அல்லது த்ரீவீல் பிடி. ரொட்டியும் சம்பலும் ப்ளாஸ்க்கில் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு போ. வீட்டில் பழைய பாஸ்போர்ட், துண்டு, பேர்ச்சீட்டு ஏதும் இருந்தால் போட்டோக் கொப்பியை மட்டும் கொண்டுபோய்க் காட்டு. மூலத்தை யாருக்கும் கொடுக்காதே.

மாசியில் லீவு எடுக்க முடிந்தால் காமன் கூத்துக்கு வா. இதற்கு டிக்கெட் இல்லை, கட்டடமும் இல்லை. அமாவாசை கழிந்து காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். கடைசி இரவில் மன்மதனைச் சிவன் எரிப்பதும் ரதி ஒப்பாரி வைப்பதும் விடிய விடிய நடக்கும். ஆடுபவர்கள் காப்புக் கட்டி விரதமிருக்கும் தோட்டத்து ஆட்கள். பொட்டலுக்குள் செருப்போடு போகாதே, முகத்துக்கு நேரே ப்ளாஷ் அடிக்காதே, காலையிலேயே கூத்து மாஸ்டரைக் கேட்டுவிட்டு வீடியோ எடு. பிள்ளைகளுக்குக் கம்பளி முக்கியம். தப்புச் சத்தத்துக்குச் சின்னவன் பயந்தால் தப்படிக்கும் அண்ணன்மாரிடமே பகலில் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொல். தோலைத் தீயில் காய்ச்சுவதையும் காட்டுவார்கள்.

கம்பளைப் பயணம் முடிந்த அன்று இரவே, தூக்கம் வருவதற்கு முன், அம்மாயி சொன்னதை ஒரு கொப்பியில் எழுதிவை. இந்தியாவில் எந்த ஊர், எந்த ஜில்லா, கங்காணி பேர், முதலில் வந்த தோட்டம், பிறகு மாறிய தோட்டங்கள், யார் எங்கே புதைக்கப்பட்டார்கள். பேர்களை அவர்கள் உச்சரித்தபடியே எழுது, நீ திருத்தாதே. அடுத்த நாள் காலையில் அதை அவர்களுக்கே வாசித்துக் காட்டு. விட்டுப்போன இரண்டு பேராவது அப்போது ஞாபகம் வரும்.