கல்வட்டம் கற்பித்த பாடம்

மனிதன் தான் வாழ ஒரு வீடு கட்டினான். தன் முன்னோர் துயில ஒரு வீடு கட்டினான். வாழும் வீட்டை மண்ணாலும் மரத்தாலும் ஓலையாலும் கட்டினான். அது மழையில் கரைந்தது, கறையானுக்கு இரையாயிற்று. இறந்தார்க்குரிய வீட்டைக் கல்லால் கட்டினான். அஃது இன்றும் நிற்கிறது. தென்னாட்டின் இரும்புக் கால மக்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, அவர்கள் இறந்தாரைப் போற்றிய முறையிலிருந்து அறிந்ததே ஆகும்.

அத்தகைய கல்வீடு ஒன்றைக் காணும் வாய்ப்பு எனக்கு அண்மையில் கிட்டியது. அதற்காக நான் நெடுந்தொலைவு செல்லவில்லை. நான் பயிலும் ஐதராபாத் பல்கலைக்கழக வளாகத்தின் புதர்க்காட்டுக்குள்ளேயே அஃது இருக்கிறது. ஈராண்டுகள் அதன் அருகில் நடந்தும் நான் அதனைக் கண்டதில்லை. என்னை அழைத்துச் சென்று காட்டியவர் என் மாமா.

மாமாவின் வீடு பட்டான்செருவில் உள்ளது. தெலுங்கில் 'செருவு' என்றால் ஏரி. மேலைச் சாளுக்கியர் காலத்துக் கன்னடக் கல்வெட்டுகளில் பொட்டலகெரே என்று வழங்கும் ஊர் இதுவே என்பர் ஆய்வாளர். இன்று அது தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே 1972இல் நிறுவப்பெற்ற இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் மாமா பணி செய்கிறார். சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றின் விதைகளைப் பல நாடுகளிலிருந்தும் திரட்டிக் குளிரறையில் காக்கும் விதைப் பெட்டகம் ஒன்று அங்கு உண்டு. விடுமுறை நாள்களில் நான் மாமா வீட்டில்தான் தங்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பட்டான்செருவில் பேருந்து ஏறினோம். ராமச்சந்திரபுரம், லிங்கம்பள்ளி வழியாக வளாகத்தை அடைந்து, ஒற்றையடிப் பாதையில் காட்டுக்குள் நடந்தோம். இருபுறமும் சீத்தாமரப் புதர்களும் முட்செடிகளும் அடர்ந்திருந்தன. அவற்றினிடையே ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள் நின்றன. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கருங்கற்பாறைகள் அவை. எங்கோ ஒரு மயில் அகவியது. வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், நாங்கள் தேடுவது இன்னதென்று கேட்டறிந்து, "ராக்ஷச குள்ளு" என்று சொல்லிக் கையைக் காட்டினார். அரக்கர் கோயில்கள் என்பது அதன் பொருள். நம் நாட்டிலும் இவற்றைப் 'பாண்டவர் குழி' என்று கூறுவதுண்டு. இவ்வளவு பெரிய கற்களை நம்மைப் போன்ற மனிதர் தூக்கியிருப்பர் என்று நம்ப மக்களுக்கு மனம் வருவதில்லை போலும்!

கல்லின் அமைப்பு

முதலில் என் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. "நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்" என்றார் மாமா. பார்த்தேன். புதருக்கு அடியில் ஒரு பாறை. சற்றுத் தள்ளி இன்னொன்று. அதே இடைவெளியில் மற்றொன்று. எனக்கு மெய்சிலிர்த்தது. நான் ஒரு வட்டத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தேன்! காலடியில் சிறு கற்கள் குவியலாக மேடிட்டிருந்தன. ஓரிடத்தில் பலகைக் கல் ஒன்றின் விளிம்பு மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இதனைக் கட்டிய முறை யாது? முதலில் குழி தோண்டுவர். பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்திப் பெட்டி போன்ற அறை அமைப்பர். பெரும்பாலும் உடல் முழுவதையும் இடுவதில்லை. வேறோரிடத்தில் வைத்துப் பின்னர்ப் பொறுக்கிய எலும்புகளையே உள்ளே வைப்பர். அவற்றோடு கறுப்பும் சிவப்புமான மட்கலங்களும், இரும்புக் கருவிகளும், மணிகளும் இடம்பெறும். மேலே மூடுகல் இட்டு, மண்ணும் கல்லும் குவித்து, சுற்றிலும் பாறைகளை வட்டமாக நடுவர். ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகக்கூடிய வேலையா இது? ஊர் கூடியிருக்க வேண்டும். கூடியவர்க்குச் சோறிட விளைச்சல் இருந்திருக்க வேண்டும். முன்னின்று நடத்தத் தலைவன் இருந்திருக்க வேண்டும். எழுத்து ஒன்றும் இன்றி இத்தனையும் சொல்கிறது இக்கல்வட்டம்.

நைசாமிடம் பணியாற்றிய மெடோஸ் டெய்லர் என்னும் ஆங்கிலேயர், தக்காணத்துக் கற்குவைகள் பலவற்றை அகழ்ந்து, 1862இல் அவற்றைப் பற்றி அயர்லாந்து நாட்டுக் கழகத்தில் கட்டுரை படித்தார். இங்கிலாந்தின் காடுகளிலும் மேடுகளிலும் உள்ள ஈமக் குவியல்களோடு இவை ஒத்திருப்பதைக் கண்டு, இரண்டையும் ஒரே இனத்தார் கட்டியிருக்கலாம் என எண்ணினார். அவ்வெண்ணம் நிலைக்கவில்லை. இங்கிலாந்தின் மேற்குக் கென்னட் ஈமக் குவியல் கி.மு. 3600ஐ ஒட்டியது, இரும்பு அறியாதவர் கட்டியது. நம் கல்வட்டங்களோ இரும்பு அறிந்தவர் கட்டியவை. வடிவம் ஒத்திருப்பதனாலேயே உறவு உண்டென்று கொள்ளுதல் கூடாது. இறந்தாரை மறக்க மனமில்லாத இயல்பு எங்கும் ஒன்றே, அவ்வளவுதான்.

ஓர் ஓடு

மேட்டின் சரிவில், மழைநீர் அரித்த இடத்தில், ஓர் ஓடு கிடந்தது. உட்புறம் கறுப்பு; வெளிப்புறம் சிவப்பு. ஆசையோடு அதை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாமா அதைப் பார்த்துவிட்டார்.

"மருமகனே, எடுத்த இடம் நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது மாமா."

"அங்கேயே வைத்துவிடு."

"ஓர் ஓடுதானே மாமா?"

அவர் சினங்கொள்ளவில்லை. "எங்கள் பெட்டகத்தில் ஒவ்வொரு விதைக்கும் ஒரு குறிப்பு உண்டு. எந்த ஊரில், எந்த நிலத்தில் எடுத்தது என்று அதில் எழுதியிருக்கும். குறிப்புத் தொலைந்தாலும் விதை முளைக்கும். ஆனால் அது எந்த மண்ணில், எந்த வறட்சியைத் தாங்கி வளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. உன் பைக்குள் போனதும் இந்த ஓடும் அப்படித்தான்" என்றார்.

அவர் சொன்னதன் முழுப்பொருள் பின்னர்ப் படித்தபோது விளங்கியது. இவ்வளாகத்தில் பேராசிரியர் கே. பி. ராவ் நடத்திய அகழாய்வில் இரும்புக் கருவிகள் கிடைத்தன. அங்கிருந்த மட்கலங்களை ஆராய்ந்து, அவை கி.மு. 2400க்கும் 1800க்கும் இடைப்பட்டவை எனக் கணித்தனர். சூளையில் சுட்ட நாள்முதல் ஓட்டின் மணல் துகள்கள் கதிரியக்க ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கின்றன. அதனை ஒளியாக வெளிப்படச் செய்து அளப்பதே அம்முறை. ஆயின், சேர்ந்த அளவை மட்டும் அறிந்தால் போதாது. ஆண்டுதோறும் எவ்வளவு சேர்ந்தது என்பதையும் அறிய வேண்டும். அதற்கு ஓட்டைச் சூழ்ந்திருந்த மண்ணையும் அளந்தாக வேண்டும். மண்ணை விட்டுப் பிரிந்த ஓடு தன் வயதையே மறந்துவிடுகிறது எனலாம். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு செல்கிறது. இரும்பில் முந்தியவர் யார் என்று நாம் வாதிடுகிறோம். வாதிடுவதற்கேனும் ஓடுகள் அவ்வவற்றின் இடத்தில் இருக்க வேண்டாவா?

நான் செய்த பிழை

ஓட்டைத் திரும்ப வைக்கக் குனிந்தபோது என் கை நடுங்கியது. காரணம் மாமாவுக்குத் தெரியாது.

என் ஊர் தாமிரபரணிக் கரையில் உள்ளது. அதே ஆற்றங்கரையில்தான் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876இல் யாகோர் என்னும் செருமானியர் அங்கே தோண்டிப் பெர்லினுக்குப் பொருள்களைக் கொண்டு சென்றார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, எங்கள் ஊரில் வீடு கட்ட மண் தோண்டிய பள்ளத்தில் ஒரு முதுமக்கள் தாழியின் வாய் தெரிந்தது. கல்லெறிந்து அதனை முதலில் உடைப்பவர் யார் என்று பிள்ளைகள் பந்தயம் வைத்தோம். வென்றவன் நான். உள்ளே சாம்பல் நிற மண்ணும், ஒரு சிறு கலமும், சில எலும்புத் துண்டுகளும் இருந்தன. மாலைக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. செய்தி கேட்ட ஆச்சி, "யார் பாட்டன் வீட்டையடா இடிச்சே?" என்று கேட்டாள். அன்று நான் சிரித்தேன்.

கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாகச் செய்யுமாறு குயவனை வேண்டும் புறநானூற்றுப் பாட்டைக் கல்லூரியில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உடைத்த தாழிக்கும் ஒரு குயவன் இருந்திருப்பான். அவனிடம் கேட்டவர் ஒருவரும் இருந்திருப்பார்.

யாகோர் கொண்டுபோனவற்றை ஏடுகள் குறித்து வைத்துள்ளன. நான் அழித்ததை எந்த ஏடும் குறிக்கவில்லை. அயலாரைக் குறை கூறுமுன் நம் கைகளை நாம் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

கல்வட்டங்கட்கு உள்ள இடர் சிறுவர் எறியும் கல் மட்டும் அன்று. 2025 மார்ச்சுத் திங்களின் இறுதியில், எங்கள் வளாகத்தை ஒட்டிய 400 ஏக்கர்க் காட்டில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. மாணவர் போராடினர். ஏப்ரல் 3இல் உச்ச நீதிமன்றம் அப்பணியை நிறுத்தியது. அதற்குள் பல மரங்கள் வீழ்ந்தன. மரத்தை மீண்டும் நடலாம். கலைந்த கல்வட்டத்தை நட முடியுமா?

தோழர்களே, விடுமுறையில் நீங்கள் ஊருக்குச் செல்வீர்கள். உழுத நிலத்திலோ, தோண்டிய பள்ளத்திலோ ஒரு தாழியின் விளிம்பு தெரிந்தால், அதனைத் தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள், தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அருகில் பிள்ளைகள் நின்றால், அது யாருடைய வீடு என்பதைச் சொல்லுங்கள். எனக்கு அதை உரிய காலத்தில் சொல்ல ஒருவரும் அங்கு இருக்கவில்லை.