கிளச் வழுக்கும் மோட்டார் சைக்கிள்: காரணம் அறிதலும் சீர் செய்தலும்

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலத்தில், கிராம சேவகருக்கு உற்ற துணை சைக்கிளே. 1955ஆம் ஆண்டில் சென்னையில் புல்லட் வண்டிகளுக்கென ஒரு நிறுவனம் தோன்றியது. எனினும் ஊரில் ஒருவர் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தாலே அந்நாளில் அது பெருஞ் செய்தி. இன்று நிலை வேறு. பால் கேனும், உர மூட்டையும், காய்கறிக் கூடையும் மோட்டார் சைக்கிளின் மீதே ஊர் எல்லையைக் கடக்கின்றன. வண்டி நின்றால் அன்றைய வருவாயும் நிற்கும். ஆதலின் வண்டியின் நோயை அறிந்துகொள்வது கிராமத்தவர்க்கு இன்றியமையாத அறிவாகிவிட்டது.

எமது ஒன்றியத்தில் மேட்டுப் பாங்கான ஒரு குக்கிராமம் உண்டு. அங்கிருந்து நாள்தோறும் இரண்டு கேன் பாலைக் கூட்டுறவுச் சங்கத்திற்குக் கொண்டுவரும் இளைஞர் ஒருவர், கடன் மனுவுடன் ஒருநாள் என்னிடம் வந்தார். மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறுகிறது, ஆனால் வண்டி நகர்வதில்லை என்றார். வழியில் தாமதமாகி இருமுறை பால் திரிந்துபோயிற்றாம். பட்டறையில் கிளச் தகடுகளைப் புதிதாக மாற்றியும், இரண்டு வாரத்தில் பழைய நோய் திரும்பிவிட்டது. இந்த வண்டியை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கவே அவர் கடன் கேட்டார். அவருடைய வண்டியின் கதை இக்கட்டுரையின் இறுதியில் வரும். முதலில் பாடத்தைக் காண்போம்.

கிளச்சின் வேலை

எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப் பெட்டிக்குச் சேர்ப்பதும், வேண்டும்போது பிரிப்பதும் கிளச்சின் வேலை. நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கிளச் ஆயிலில் நனைந்தபடியே இயங்குகிறது. உராய்வுத் தகடும் எஃகுத் தகடும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். உராய்வுத் தகடுகள் எஞ்சினுடனும், எஃகுத் தகடுகள் கியர்ப் பெட்டியுடனும் சேர்ந்து சுழலும். ஸ்பிரிங்குகள் இவ்வடுக்கை அழுத்திப் பிடிக்கும்போது இரண்டும் ஒன்றாகச் சுழல்கின்றன. லீவரைப் பிடித்தால் கேபிள் இழுபட்டு அழுத்தம் நீங்குகிறது; தகடுகள் பிரிகின்றன.

லீவரைப் பிடிக்காதபோதும் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதையே கிளச் வழுக்குதல் என்கிறோம். நழுவினால் சூடு, சூட்டினால் மேலும் தேய்வு, தேய்ந்தால் மேலும் நழுவல். இந்நோய் தானே வளரும் தன்மையது.

குறிகள்

எஞ்சின் ஓசை உயர்ந்தும் வேகம் உயராமை முதற் குறி. சுமையேற்றிய நேரத்திலும், மேட்டிலும், மேல் கியரிலும் இது முதலில் புலப்படும். கருகிய நாற்றம், பெட்ரோல் செலவு மிகுதல், எஞ்சின் மிகச் சூடாதல் ஆகியன தொடர்ந்து வரும்.

ஐயமிருப்பின் வாகன நடமாட்டமில்லாத நேரான சாலையில் மேல் கியரில் மிதமான வேகத்தில் சென்று, ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகுக. ஓசை தாவி எழ, வேகம் மெல்லத் தொடருமாயின் கிளச் வழுக்குகிறது. ஓசையே எழாவிட்டால் குறை எஞ்சினில் உள்ளது. கடகடவென்ற ஒலியுடன் வண்டி உதறினால் செயினையும் பற்சக்கரத்தையும் பார்க்க வேண்டும். லீவரைப் பிடித்த பின்பும் வண்டி முன்னே இழுத்தாலோ, கியர் விழ மறுத்தாலோ அது கிளச் பிரியாமையால் வரும் எதிர் நோய். இவற்றை ஒன்றோடொன்று குழப்பலாகாது.

வரிசையாகச் சோதித்தல்

செலவில்லாத சோதனையை முதலிலும், செலவுள்ளதை இறுதியிலும் செய்தலே முறை.

1. லீவரின் தளர்ச்சி: லீவரை ஒரு விரலால் மெல்ல இழுத்தால், அழுத்தம் தட்டுப்படும் முன் அதன் நுனி சிறிது தூரம் வெறுமனே அசைய வேண்டும். பல வண்டிகளுக்கு இவ்வளவு 10 முதல் 20 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் காண்க. தளர்ச்சி இல்லையேல், யாரும் பிடிக்காமலே லீவர் பாதி பிடிக்கப்பட்ட நிலையில் இருப்பதாகப் பொருள். பூட்டு நட்டைத் தளர்த்திச் சரிசெய்யும் திருகை உள்நோக்கித் திருப்பினால் தளர்ச்சி கிடைக்கும். போதாவிடில் எஞ்சின் பக்கத்துத் திருகில் சரிசெய்க. பின்னர்ப் பூட்டு நட்டை இறுக்குக. கைப்பிடியை இடமும் வலமும் முழுவதும் திருப்பியபோதும் தளர்ச்சி மாறாதிருக்க வேண்டும்.

தகடுகள் தேயத் தேயப் பெரும்பாலான வண்டிகளில் இத்தளர்ச்சி குறைந்துகொண்டே வரும். ஆதலின் மாதம் ஒருமுறை பார்ப்பது நன்று.

2. கேபிள்: இழை பிரிந்தோ, துருப்பிடித்தோ, மடிந்தோ இருந்தால் லீவரை விட்டபின்பும் கேபிள் முழுவதும் திரும்பாது. எண்ணெய் இட்டும் தடையின்றி ஓடாத கேபிளை மாற்றிவிடுக.

3. ஆயில்: மோட்டார் சைக்கிளில் எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் பெரும்பாலும் ஒரே ஆயில்தான். கார்களுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். அவை காருக்கு நன்மை. நனைந்த கிளச்சுக்குத் தீமை. டப்பாவின்மேல் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி உள்ளதா என்று பார்த்து வாங்குக. எம்.பி. என்ற குறியுடையது இவ்வகைக் கிளச்சுக்கு ஏற்றதன்று. தவறான ஆயிலை ஊற்றியிருந்தால் வடித்துவிட்டு, உரிய தடிப்புள்ள ஆயிலை உரிய அளவு ஊற்றுக. வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது. பழைய ஆயில் சேகரிப்போரிடம் கொடுக்க வேண்டும்.

இம்மூன்றும் சரியாக இருந்தும் நோய் தீராவிடில் மட்டுமே கிளச்சைத் திறக்க வேண்டும்.

கிளச்சைத் திறத்தல்

எஞ்சின் ஆறியபின் ஆயிலை வடித்து மூடியைக் கழற்றுக. மூடியின் போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடும். ஓர் அட்டையில் மூடியின் வடிவை வரைந்து, அவ்வவ்விடத்தில் போல்ட்டைக் குத்தி வைத்தால் குழப்பம் நேராது. ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. சில வண்டிகளில் நடு நட்டைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும். அஃதில்லாதவர் உளி வைத்துத் தட்டாமல் பட்டறையை நாடுவதே அறிவுடைமை.

தகடுகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைக்க. உராய்வுத் தகட்டின் கனத்தை வெர்னியர் கருவியால் பல இடங்களில் அளந்து, கையேட்டின் எல்லையோடு ஒப்பிடுக. எல்லைக்குக் குறைந்தவையும், கருகிக் கண்ணாடிபோல் பளபளப்பவையும் ஆகா. எஃகுத் தகட்டைச் சமதளமான கண்ணாடிமேல் வைத்தால் கோணல் தெரிந்துவிடும். நீலம் பாய்ந்திருந்தால் அது மிகைச் சூட்டின் தழும்பு. ஸ்பிரிங்குகளின் நீளத்தையும் அளக்க. ஒன்று குறைந்திருப்பினும் அனைத்தையும் சேர்த்தே மாற்றுக.

புதிய உராய்வுத் தகடுகளை அதே வகை ஆயிலில் ஓர் இரவு ஊறவிட்டுப் பூட்டுதல் நன்று. உலர்ந்தபடியே பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகக்கூடும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கையேடு கூறும் அளவுக்கே இறுக்குக. மூடிக்குப் புதிய பேக்கிங் இடுக. ஆயில் ஊற்றியபின் கேபிளின் தளர்ச்சியை மீண்டும் சரிசெய்க. தகடுகளின் கனம் மாறியதால் பழைய அளவு இனிப் பொருந்தாது. பலர் மறக்கும் படி இதுவே.

பால்கார இளைஞரின் வண்டி

அவருடைய லீவரைத் தொட்டுப் பார்த்தேன். தளர்ச்சி சிறிதும் இல்லை. வினவியபோது, “இறுக்கி வைத்தால்தானே ஐயா நன்றாகப் பிடிக்கும்?” என்றார். புதுத் தகடு போட்ட மறுநாளே அவர் தம் கையால் கேபிளை இறுக்கியிருக்கிறார். அவரை நான் குறைகூறவில்லை. முதன்முதல் வண்டி வாங்கிய காலத்தில் நானும் அவ்வாறே எண்ணி ஒரு செட் தகடுகளைக் கருக்கியவன்.

திருகைத் திருப்பித் தளர்ச்சி கொடுத்தோம். வழுக்கல் குறைந்ததேயன்றி நீங்கவில்லை. இரண்டு வார ஓட்டத்தில் புதுத் தகடுகள் கருகிவிட்டிருந்தன. மறுபடியும் அவர் தகடு வாங்க நேர்ந்தது. பத்துப் பால் வேளைகளின் ஊதியம் அதில் போயிற்று. அரைத் திருப்பில் காக்கக்கூடிய பணம் அது. ஆயினும் வண்டி விற்கப்படவில்லை. கடன் மனுவையும் அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். இன்று மேட்டை முழுச் சுமையோடு அவ்வண்டி ஏறுகிறது.

காக்கும் வழி

ஓடும்போது லீவரின்மீது விரல் வைத்திருத்தல் ஆகாது. மேட்டில் வண்டியை நிறுத்த பிரேக்கைப் பயன்படுத்துக. அரைக் கிளச்சில் தாங்கி நிற்கலாகாது. சுமையோடு புறப்படும்போது முதற் கியரிலேயே புறப்படுக.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்பே மருந்து செய்யச் சொன்னார் வள்ளுவர். உடலுக்குச் சொன்ன நெறி வண்டிக்கும் பொருந்தும். நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் லீவரை ஒருமுறை விரலால் அசைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு நிமிடமும் ஆகாது, காசும் செலவில்லை.