ஆன்லைனில் வாங்கிய மெஷின் ஓடவில்லையா?

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். கை நிறைய ஆர்டர் இருக்கிறதே என்று ஆன்லைனில் ஓவர்லாக் மெஷின் வாங்குகிறீர்கள். வந்து இறங்கியதில் மோட்டார் சுற்றவில்லை. விற்றவரோ, "விற்ற பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார். கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. வரிசையாக இதைச் செய்யுங்கள்.

வீடியோ எடுங்கள். பார்சலின் முகவரிச் சீட்டில் தொடங்கி, மெஷினை ஓட்டிப் பார்ப்பது வரை இடையில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். விற்பனைப் பக்கத்தையும் பில்லையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

எழுத்தில் கேளுங்கள். திருப்பி அனுப்பக் கொடுத்த கெடு முடியும் முன், செயலியிலேயே புகார் பதியுங்கள். நான்கு வரி போதும்: ஆர்டர் எண், வந்த தேதி, என்ன கோளாறு, மாற்று மெஷின் வேண்டுமா பணம் வேண்டுமா. "புகாரை மூடுங்கள், பணம் தனியாக அனுப்புகிறேன்" என்று போனில் சொன்னால் நம்பாதீர்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகு மூடலாம்.

குறைதீர் அலுவலருக்குப் போங்கள். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக்கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. கார்டில் கட்டியிருந்தால், வங்கியிடம் 'சார்ஜ்பேக்', அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்டுப் பாருங்கள்.

அடுத்த கதவு 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். விற்பவர் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும்.

தொழில் செய்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர், தானே பயன்படுத்த வாங்கினால் விலக்கு உண்டு. எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இந்த நூலைத்தான். அதனால் ஆணையத்துக்கு எழுதும் மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: "இது நானே உட்கார்ந்து தைக்கும் மெஷின். என் பிழைப்பு இதில்தான்."